செய்திக்குத் தளங்கள் பணம் தர வேண்டும் என்ற சட்டம்: சிறிய செய்தி நிறுவனத்துக்கு அதில் என்ன இருக்கிறது?

கேள்வி: நான் ஒரு சிறிய செய்தி இணையதளத்தின் ஆசிரியர், அதன் பதிப்பாளரும் நானே. என்னையும் சேர்த்து ஆறு பேர் முழுநேரமாக வேலை செய்கிறோம். வெளியிலிருந்து சிலர் எழுதித் தருகிறார்கள். நகர்மன்றக் கூட்டங்கள், நீதிமன்றங்கள், பள்ளிகள் பற்றிய செய்திகளே எங்கள் பலம். வாசகர்களில் பெரும்பாலோர் தேடுபொறி வழியாகவோ சமூக ஊடகம் வழியாகவோதான் வருகிறார்கள். விளம்பர வருமானமோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. செய்திகளைப் பயன்படுத்தும் பெரிய தளங்கள் செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்று சட்டம் கொண்டுவரும் பேச்சு எங்கள் நாட்டில் நடக்கிறது. பதிப்பாளர் சங்கம் ஒன்று அதை ஆதரித்துக் கையெழுத்துக் கேட்கிறது. கூடவே, எங்கள் சார்பில் பேரம் பேசும் அதிகாரத்தைச் சங்கத்துக்கு எழுதித் தரச் சொல்லி ஒரு படிவமும் அனுப்பியிருக்கிறது. எங்களைப் போன்ற சிறியவர்களுக்கு இந்தச் சட்டத்தால் உண்மையிலேயே ஏதாவது கிடைக்குமா? தளங்கள் செய்திகளையே நிறுத்திவிட்டால் எங்கள் கதி என்ன? கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சட்டத்தை ஆதரித்துக் கையெழுத்திடுங்கள். ஆனால் உங்கள் ஆதரவோடு நிபந்தனைகளையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். அதிகாரப் படிவத்தில் மட்டும் இப்போதைக்குக் கையெழுத்திட வேண்டாம். அதில் என்னென்ன திருத்தங்கள் கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஊடக ஒப்பந்தங்களையும் பதிப்புரிமை விவகாரங்களையும் கவனித்துவரும் வழக்கறிஞன் என்ற முறையில் எனக்குப் படுவது இது: இத்தகைய சட்டங்கள் வந்த நாடுகளில் பணம் வந்திருக்கிறது, ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சட்டத்தின் உயர்ந்த நோக்கம் தீர்மானிக்கவில்லை, அதன் உட்பிரிவுகளும் துணை விதிகளும்தான் தீர்மானித்தன. சிறிய நிறுவனங்களின் பங்கு அந்த விதிகளில்தான் நிலைக்கிறது, அல்லது அங்கேயே காணாமல் போகிறது.

எதற்காகப் பணம் கேட்கிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். உங்கள் செய்தியாளர் நகர்மன்றக் கூட்டத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து, குடிநீர்க் கட்டண உயர்வுத் தீர்மானத்தைப் பற்றி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேடல் முடிவுப் பக்கத்தில் அந்தச் செய்தி ஒரு தலைப்பாகவும், அதன் கீழே இரண்டு வரிச் சுருக்கமாகவும், பக்கத்தில் ஒரு சிறு படமாகவும் தெரிகிறது. கட்டணம் எவ்வளவு உயர்கிறது, எந்த மாதத்திலிருந்து உயர்கிறது என்ற இரண்டும் அந்த இரண்டு வரியிலேயே அடங்கிவிட்டால், வாசகர் உங்கள் பக்கத்துக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. அடங்காவிட்டால் அவர் தலைப்பைத் தொட்டு உள்ளே வருகிறார். நீங்கள் ஒரு காசும் செலவழிக்காமல் உங்களுக்கு ஒரு வாசகர் கிடைக்கிறார். ஒரே செய்தியின் வழியாக ஒரே நாளில் இரண்டும் நடக்கின்றன. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்ற வழக்கு இத்தனை ஆண்டுகளாகத் தீராமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தளங்களின் தரப்பை அலட்சியப்படுத்த வேண்டாம். 2020ஆம் ஆண்டில் மட்டும் ஆஸ்திரேலியப் பதிப்பாளர்களுக்குச் சுமார் 510 கோடி வாசக வருகைகளைத் தான் இலவசமாக அனுப்பியதாகவும், அவற்றின் மதிப்பு 40.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றும் ஃபேஸ்புக் கணக்குக் காட்டியது. மக்கள் தன் தளத்தில் பார்ப்பவற்றில் செய்தி மிகச் சிறிய பகுதிதான் என்றும் அது தொடர்ந்து சொல்லிவருகிறது. மறுபுறம், அதே காலத்தில் ஆஸ்திரேலிய அரசு முன்வைத்த கணக்கின்படி, இணைய விளம்பரத்துக்குச் செலவாகும் ஒவ்வொரு 100 டாலரிலும் 53 டாலர் கூகுளுக்கும் 28 டாலர் ஃபேஸ்புக்குக்கும் போக, மீதி 19 டாலரைத்தான் மற்ற அனைவரும் பங்குபோட்டுக்கொண்டார்கள். வெறும் இணைப்புக்குப் பணம் கேட்பது பலவீனமான வாதம் என்பதே என் கருத்து. யாரும் எதற்கும் சுதந்திரமாக இணைப்புக் கொடுக்கலாம் என்பதால்தான் இணையம் இணையமாக இருக்கிறது. ஆனால் வாசகரும் விளம்பரதாரரும் ஒரே வாசல் வழியாக வர வேண்டிய நிலையில், அந்த வாசலை வைத்திருப்பவரிடம் ஒரு சிறிய நிறுவனம் தனியாகப் போய் நியாயமான விலை பேச முடியாது என்ற வாதம் வலுவானது. சங்கத்துக்கு எழுதும்போது முதல் வாதத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாடுகள் இதை இரண்டு வழிகளில் அணுகியிருக்கின்றன. ஒன்று பதிப்புரிமையின் வழி. ஐரோப்பிய ஒன்றியம் 2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமை நெறிமுறையின் 15ஆம் பிரிவில், செய்திப் பதிப்பாளர்களுக்கு அவர்களது வெளியீடுகளின் இணையப் பயன்பாட்டின்மீது இரண்டாண்டுக் கால உரிமை ஒன்றைத் தந்தது. வெறும் இணைப்புகளுக்கும், தனித்தனிச் சொற்களுக்கும், மிகச் சிறிய மேற்கோள்களுக்கும் அந்த உரிமை பொருந்தாது. கிடைக்கும் வருவாயில் எழுதியவர்களுக்கும் தகுந்த பங்கு தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. மற்றொன்று, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் போட்டிச் சட்டத்தின் வழி. அங்கே கேள்வி உரிமையைப் பற்றியதாக இருக்காது. பேரம் பேசும் வலிமையில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றியதாக இருக்கும். ஆஸ்திரேலியாவும் கனடாவும் அந்த வழியில் போயின. இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லாமலே, எண்ம (டிஜிட்டல்) செய்திப் பதிப்பாளர் சங்கத்தின் புகாரின்பேரில் 2022 ஜனவரியில் கூகுள்மீது விசாரணை நடத்தப் போட்டி ஆணையம் உத்தரவிட்டதும் இதே தர்க்கத்தின் அடிப்படையில்தான்.

உரிமை மட்டும் போதாது என்பதை ஜெர்மனியின் அனுபவம் காட்டியது. 2013இல் அந்த நாடு பதிப்பாளர்களுக்குத் தனி உரிமை தந்தது. கட்டணம் கேட்ட பதிப்பாளர்களின் செய்திகளைச் சுருக்கமும் படமும் இல்லாமல் வெறும் தலைப்பாக மட்டுமே காட்டப்போவதாகக் கூகுள் அறிவித்தது. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற மிகப் பெரிய பதிப்பகம் 2014இல் தன்னுடைய நான்கு இணையதளங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. இரண்டே வாரங்களில் தேடல் வழி வருகை ஏறக்குறைய 40 சதவீதமும், கூகுள் நியூஸ் வழி வருகை ஏறக்குறைய 80 சதவீதமும் சரிந்துவிட்டதாகச் சொல்லி, சுருக்கத்தையும் படத்தையும் இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ள அனுமதி கொடுத்தது. சட்டம் உரிமையைத் தந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் பலம் ஐரோப்பாவின் பெரிய பதிப்பகங்களுள் ஒன்றுக்கே இல்லை. அந்தச் சட்டத்தை முறைப்படி ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவிக்கவில்லை என்ற காரணத்தால் அது செல்லாது என்று 2019இல் ஐரோப்பிய நீதிமன்றம் வேறு தீர்ப்பளித்துவிட்டது. ஸ்பெயின் இன்னும் கடுமையாக, பதிப்பாளரே விரும்பினாலும் விட்டுக்கொடுக்க முடியாத கட்டண உரிமை ஒன்றை 2014இல் சட்டமாக்கியது. அந்த டிசம்பரிலேயே கூகுள் நியூஸ் அங்கே மூடப்பட்டது. சட்டம் மாறிய பிறகு 2022இல்தான் திரும்பி வந்தது.

பிரான்ஸ் வேறு விதமாக நடந்துகொண்டது. ஐரோப்பிய நெறிமுறையை முதலில் சட்டமாக்கிய அந்த நாட்டில் கூகுள் ஜெர்மானிய உத்தியையே கையாள முயன்றபோது, போட்டி ஆணையம் குறுக்கிட்டு, நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும்படி 2020இல் ஆணையிட்டது. அந்த ஆணையை மீறியதற்காக 2021இல் 50 கோடி யூரோவும், கொடுத்த உறுதிமொழிகளைக் காப்பாற்றாததற்காக 2024இல் மேலும் 25 கோடி யூரோவும் அபராதம் விதித்தது. உரிமைக்குப் பின்னால் பல் உள்ள ஒரு அமைப்பு நின்றால்தான் உரிமைக்கு மதிப்பு உண்டு. உங்கள் நாட்டு வரைவில் நீங்கள் முதலில் தேட வேண்டியது இதைத்தான்: பேச மறுத்தாலோ இழுத்தடித்தாலோ என்ன தண்டனை, அதை விதிப்பது யார்?

ஆஸ்திரேலியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் சங்கத்தார் அதைத்தான் முன்மாதிரியாகக் காட்டுவார்கள். பேச்சு முறிந்தால் விவகாரம் நடுவர் குழுவுக்குப் போகும். இரு தரப்பும் தலா ஒரே ஒரு தொகையை எழுதிக் கொடுக்க வேண்டும். பொதுவாக நடுவர்கள் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர நடுவில் ஒரு தொகையைத் தாங்களாகவே போட முடியாது. மிகையாகக் கேட்டால் எதிராளியின் தொகை தேர்வாகிவிடும், மிகக் குறைத்துச் சொன்னாலும் அப்படியே. ஆகவே இரு தரப்பையும் நியாயமான தொகைக்கு அருகில் தள்ளிக்கொண்டு வருவது இந்த முறையின் சிறப்பு. ஆனால் எந்தத் தளம் சட்டத்துக்கு உட்பட்டது என்று அமைச்சர் பெயர் குறிப்பிட்டு அறிவித்தால்தான் இந்த நடைமுறை தொடங்கும். கூகுளும் ஃபேஸ்புக்கும் அறிவிப்பு வருமுன் தாமாகவே முன்வந்து ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. அதனால் அப்படி அறிவிக்க வேண்டிய தேவையே எழவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. ஆண்டுக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செய்தி நிறுவனங்களுக்குப் போனதாக, அந்தச் சட்டத்தை வடிவமைத்த போட்டி ஆணையத்தின் அன்றைய தலைவர் ராட் சிம்ஸ் மதிப்பிட்டார். இது சிறிய தொகை இல்லை.

ஆனால் யாரோடு ஒப்பந்தம் செய்வது என்பதைத் தளங்களே தேர்ந்தெடுத்தன. பல்லினச் சமூகங்களுக்கான பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.பி.எஸ்., கல்வியாளர்கள் எழுதும் ‘தி கான்வர்சேஷன்’ ஆகிய இரண்டோடும் கூகுள் உடன்பாடு செய்துகொண்டது, ஃபேஸ்புக் மறுத்துவிட்டது. மறுத்ததற்கு எந்த விளைவும் இல்லை. தொகைகள் இரகசியமாகவே இருந்தன. வாங்கிய பணத்தைச் செய்தியாளர்களுக்குச் செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் சட்டத்தில் இல்லை. இதற்கு நடுவிலும் சிறியவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. ‘கன்ட்ரி பிரஸ் ஆஸ்திரேலியா’ என்ற பிராந்தியப் பத்திரிகைகளின் சங்கம், போட்டி ஆணையத்தின் அனுமதியைப் பெற்று, தன் உறுப்பினர்கள் அனைவருக்குமாகச் சேர்ந்து பேசியது. அனுமதி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே தொழிலில் உள்ள பல நிறுவனங்கள் கூடி ஒரே விலை கேட்பது பல நாடுகளின் போட்டிச் சட்டத்தில் குற்றம். அதிலிருந்து விலக்குக் கிடைக்காமல் கூட்டாகப் பேரம் பேசினால், தளத்தை விட்டுவிட்டு உங்கள்மேலேயே வழக்குப் பாயலாம். ஆகவே கூட்டுப் பேரத்துக்கான வெளிப்படையான விலக்கு உங்கள் நாட்டுச் சட்ட வரைவிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரே ஒரு பிரிவை மட்டும் கேட்டு வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன். டென்மார்க்கில் ஏறக்குறைய எல்லாச் செய்தி நிறுவனங்களும் 2021இல் ஒரே கூட்டமைப்பாகச் சேர்ந்து பேசத் தொடங்கியதற்கும், சேர்ந்து பேசினால்தான் பலம் என்ற எண்ணமே அடிப்படை.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தளங்கள் செய்தியையே நிறுத்திவிடுமா? நிறுத்தக்கூடும், நிறுத்தியும் இருக்கின்றன. 2021 பிப்ரவரி 18ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் ஃபேஸ்புக் செய்திகளைத் தடுத்தபோது, செய்தி நிறுவனங்களோடு சேர்த்துச் சுகாதாரத் துறைகள், வானிலை மையம், அவசர உதவி அமைப்புகள் ஆகியவற்றின் பக்கங்களும் வெறுமையாயின. சில நாட்களில் அரசு சில திருத்தங்களுக்கு உடன்பட, தடை விலகியது. கனடாவில் அப்படி விலகவில்லை. அங்கே 2023 ஜூனில் இணையச் செய்திச் சட்டம் நிறைவேறியது. ஆகஸ்டு முதல் தேதி ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்திகளை நிறுத்தும் பணியை, அவற்றின் உரிமையாளரான மெட்டா தொடங்கியது. அதே மாதம் காட்டுத்தீயால் வடமேற்குப் பிரதேசங்களின் தலைநகரான யெல்லோநைஃப் முழுவதும் வெளியேற்றப்பட்டபோதுகூட அந்தத் தடை தளரவில்லை. மக்கள் செய்திகளைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துப் படங்களாகப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. இதில் அதிகம் இழந்தவர்கள், தேசிய அளவில் பெயர் தெரியாத, வாசகரோடு ஃபேஸ்புக் ஒன்றின் வழியாகவே பழகிவந்த உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள்தான். உங்கள் நிறுவனமும் அந்த வகைதான் என்பதால் இதைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன்.

கூகுள் கனடாவில் வேறு முடிவெடுத்தது. ஆண்டுக்கு 10 கோடி கனடிய டாலர், பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி, ஒரே தொகையாகத் தருவதாக 2023 நவம்பரில் ஒப்புக்கொண்டது; அதற்கு ஈடாகத் தனித்தனிப் பேரங்களிலிருந்து விலக்குப் பெற்றது. அந்தத் தொகையில் தனியார் ஒளிபரப்பாளர்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பொது ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மீதி அச்சு மற்றும் இணையச் செய்தி நிறுவனங்களுக்கு என்று விதிகள் வரம்பு கட்டின. பங்கு எவ்வளவு என்பது ஒவ்வொரு நிறுவனமும் வேலைக்கு வைத்திருக்கும் செய்தியாளர்களின் பணியளவைப் பொறுத்தது. தகுதிக்கு இரண்டு செய்தியாளர்கள் இருந்தால் போதும். உரிமையாளரே செய்தியாளராக இருந்தால் அவரும் அந்தக் கணக்கில் வருவார். உங்களைப் போன்ற ஆறு பேர் நிறுவனத்துக்கு இந்த அளவுகோல் எவ்வளவு சாதகமானது என்பதை எண்ணிப் பாருங்கள். வாசக வருகையை வைத்துப் பங்கிட்டால் திரைப்படக் கிசுகிசுவும் கிரிக்கெட்டும் அள்ளிக்கொண்டு போகும். ஆண்டு வருவாயை வைத்துப் பங்கிட்டால் ஏற்கெனவே பெரியவர்கள் மேலும் பெரியவர்கள் ஆவார்கள். செய்தி சேகரிக்கும் ஆட்களை வைத்துப் பங்கிட்டால்தான் நகர்மன்றத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் செய்தியாளருக்குப் பணம் வந்து சேரும். ஆஸ்திரேலியச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ள ஆண்டுக்கு 1,50,000 ஆஸ்திரேலிய டாலர் வருவாய் தேவை என்ற வரம்பு இருந்தது. வருவாய் வரம்பு வைப்பதானால் அது உங்கள் தரத்து நிறுவனங்களை வெளியே தள்ளாத வரம்பாக இருக்க வேண்டும் என்பதை எழுத்தில் வலியுறுத்துங்கள்.

செய்தியை நிறுத்தித் தப்பிக்கும் வழியை அடைக்கவும் ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஒப்பந்தங்களைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று மெட்டா 2024 மார்ச்சில் அறிவித்தது. அதற்குப் பதிலடியாக, அந்நாட்டில் ஆண்டுக்கு 25 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டும் பெரிய தளங்கள் செய்தியைக் காட்டினாலும் காட்டாவிட்டாலும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும், செய்தி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்திருந்தால் அந்தத் தொகையைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்ற திட்டத்தை அரசு 2024 டிசம்பரில் முன்வைத்தது. இந்த அமைப்பில் செய்தியைத் தடுப்பதால் தளத்துக்கு ஒரு பைசாவும் மிச்சமாகாது. பேரத்தையே நம்பியிருக்கும் வரைவைவிட இது உங்களுக்குப் பாதுகாப்பானது என்று கருதுகிறேன். அரசு கட்டணம் வசூலித்துப் பிரித்துக் கொடுத்தால் அரசை விமர்சிக்கும் ஏடுகளுக்கு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. பங்கிடும் அமைப்பு அமைச்சகத்தின் கையில் இல்லாமல், கனடாவில் உள்ளது போல் செய்தித் துறையினரே நடத்தும் தனி அமைப்பாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

பணத்தைவிட உங்களுக்குப் பயன்படக்கூடிய ஒன்று ஆஸ்திரேலியச் சட்டத்தில் இருந்தது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. செய்திகளின் வருகையைப் பெரிதும் பாதிக்கும் வகையில் தரவரிசை முறையை மாற்றினால் 14 நாட்களுக்கு முன்பே பதிப்பாளர்களுக்கு அறிவிக்க வேண்டும் என்ற பிரிவு அது. ஒரே இரவில் வருகை பாதியாகக் குறைந்து, காரணம் தெரியாமல் தடுமாறிய அனுபவம் பல சிறு நிறுவனங்களுக்கு உண்டு. இந்த அறிவிப்புக் கடமையை வரைவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

படிவத்துக்கு வருவோம். அதிகாரத்தை எழுதிக் கொடுப்பது தவறில்லை. சேர்ந்து பேசாவிட்டால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது என்பதை மேலே பார்த்தோம். ஆனால் கால வரம்பு இல்லாத அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். இரண்டு ஆண்டுகள் போதும், அதற்குள்ளும் முன்னறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமை இருக்க வேண்டும். சங்கம் எதைப் பேசி முடித்தாலும் அதன் தொகையையும் பங்கீட்டு முறையையும் எல்லா உறுப்பினர்களுக்கும் எழுத்தில் காட்ட வேண்டும். தளத்தோடு செய்யும் இரகசியக் காப்பு உறுதி உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தலாம், ஆனால் உறுப்பினர்களிடமிருந்தே தொகையை மறைக்க அது சாக்காகக் கூடாது. பெரிய உறுப்பினர் எவரும் தனியாகப் போய் மேலான ஒப்பந்தம் செய்துகொள்ளலாமா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். அவர்களுக்கு அந்தச் சுதந்திரம் இருந்து உங்களுக்கு இல்லையென்றால், பலமானவர்கள் வெளியேறிய பிறகு மிஞ்சுகிறவர்களின் கூட்டாகவே அது முடியும். எந்தெந்தப் பயன்பாட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். தேடல் முடிவுகளிலும் சமூக ஊடகத்திலும் தலைப்பு, சுருக்கம், படம் காட்டுவதற்கு என்று குறிப்பாக எழுதச் சொல்லுங்கள். ‘எல்லா எண்மப் பயன்பாடுகளுக்கும்’ என்ற பொதுச் சொற்றொடர் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், சண்டையே இப்போது இடம் மாறிவிட்டது. மேலே சொன்ன சட்டங்கள் பெரும்பாலும் இணைப்பையும் சுருக்கத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. இன்று செயற்கை நுண்ணறிவு உங்கள் செய்தியை உள்வாங்கி, தன் சொற்களில் முழு விடையாகவே தருகிறது. குடிநீர்க் கட்டணம் பற்றிக் கேட்டவருக்கு உங்கள் தலைப்புக்கூடக் கண்ணில் படாமல் போகலாம். பிரான்சின் 2024ஆம் ஆண்டு அபராதத்துக்கான காரணங்களில் ஒன்று, பதிப்பாளர்களுக்குத் தெரிவிக்காமலே அவர்களது உள்ளடக்கத்தைக் கூகுள் தன் பார்ட் என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடியைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தியது. நியூயார்க் டைம்ஸ் 2023 டிசம்பரிலும், ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் 2024 நவம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்திலும், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ மீது வழக்குத் தொடுத்தன. தானியங்கி நிரல்கள் எதை எடுக்கலாம் என்று சொல்லும் உங்கள் தளத்தின் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) ஜிபிடிபாட் (ஓப்பன்ஏஐயுடையது), கூகுள்-எக்ஸ்டெண்டட் என்ற பெயர்களைத் தடுத்து எழுதினால் பயிற்சிக்கு எடுப்பதை மறுக்கலாம். ஆனால் கூகுள் தேடலின் உச்சியில் வரும் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. அதை மறுக்க வேண்டுமானால் சாதாரணத் தேடல் சுருக்கத்தையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. ஸ்பிரிங்கர் 2014இல் மாட்டிக்கொண்ட அதே இக்கட்டு இது. தேடலில் இடம்பெறுவதையும் செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டையும் தனித்தனியாக ஏற்கவோ மறுக்கவோ பதிப்பாளருக்கு உரிமை வேண்டும் என்ற கோரிக்கையை நீங்கள் எழுதும் நிபந்தனைகளில் முதலிலேயே வையுங்கள்.

வரப்போகும் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அதை மாதச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள். மெட்டாவின் ஒப்பந்தங்கள் முடிந்தபோது சில ஆஸ்திரேலிய நிறுவனங்கள் ஆட்களைக் குறைத்தன. அந்தப் பணத்தைச் சந்தா முறைக்கும், மின்னஞ்சல் செய்தி மடலுக்கும், வாசகர் நேராக உங்கள் முகவரிக்கே வரும் வழக்கத்தை உண்டாக்குவதற்கும் செலவிடுங்கள். தளம் நாளைக்கே செய்தியை நிறுத்தினாலும் அந்த வாசகர்கள் உங்களோடு இருப்பார்கள். தளத்திடம் பணம் வாங்கினால் அதை உங்கள் வாசகர்களுக்கு வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். நாளை அதே தளத்தைப் பற்றி ஒரு புலனாய்வுச் செய்தி வெளியிடும்போது உங்கள் நேர்மைக்கு அதுவே காவல்.

கடைசியாக, சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த மாதமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களுக்குச் சொந்தமில்லாததை நீங்கள் உரிமம் கொடுக்க முடியாது. உங்கள் பக்கத்தில் வரும் ஒரு செய்தியை எடுத்துப் பாருங்கள்: முதல் பத்திகள் உங்கள் செய்தியாளருடையவை, நடுவில் இரண்டு பத்தி செய்தி முகமையிலிருந்து வந்தவை, படம் வெளியிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தது. முகமையின் பத்திகளை மூன்றாவது தரப்புக்குக் கொடுக்க உங்கள் சந்தா ஒப்பந்தம் அனேகமாக இடம் தராது. வெளியாட்கள் எழுதித் தந்தவற்றில், எழுத்தில் உரிமை மாற்றமோ உரிமமோ இல்லாவிட்டால், உரிமை பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். ஆகவே ஒவ்வொரு பங்களிப்பாளரோடும் ஒரு பக்க ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: வெளியிடும் உரிமை, தளங்களுக்கு உரிமம் தரும் உரிமை, செயற்கை நுண்ணறிவுப் பயன்பாட்டுக்கு அவருடைய தனிச் சம்மதம், தளங்களிடமிருந்து பணம் வந்தால் அதில் அவருக்கு உள்ள பங்கு ஆகியவை அதில் இருக்கட்டும். ஐரோப்பியச் சட்டம் எழுதியவருக்குப் பங்கு தரச் சொல்கிறது. உங்கள் நாட்டுச் சட்டம் சொல்லாவிட்டாலும் நீங்கள் கொடுங்கள். அந்தப் பங்கு இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தத்திலேயே எண்ணால் எழுதிவிடுங்கள். பணம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம்.